கருவி அவரவர் இஷ்டம், கோப்பு ஊர்ச் சொத்து

திருச்சி ஜங்ஷனில் பல பத்தாண்டுகள் இரண்டு வகை ரயில் பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று மீட்டர் கேஜ். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். இன்னொன்று பிராட்கேஜ், 1,676 மில்லிமீட்டர். ஈரோட்டிலிருந்து அகலப்பாதையில் வந்த சரக்கு தஞ்சாவூர்ப் பக்கம் போகவேண்டுமென்றால், வேகன் அப்படியே போகாது. மூட்டையை இறக்க வேண்டும், மறு வண்டியில் ஏற்ற வேண்டும். நேரம் போகும், கூலி போகும், கொஞ்சம் சரக்கும் சிந்தும். 1992-ல் ஆரம்பித்த ஒரே அகலத் திட்டம் இந்தத் தலைவலிக்குத்தான் மருந்து. பொன்மலை ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்கு இது புதிய கதை இல்லை. தாத்தாவோ, பெரியப்பாவோ, எதிர்வீட்டு மாமாவோ யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எந்த எஞ்சின் இழுக்கிறது, நீராவியா டீசலா மின்சாரமா என்பதால் அந்த மூட்டைகளை இறக்கி ஏற்றவில்லை. எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பிரச்சினை முழுக்கப் பாதையின் அகலத்தில் இருந்தது.

கட்டற்ற மென்பொருள்களுக்கு உதவிக் கையேடு எழுதுவதும் இதே கதைதான். 'எந்த மென்பொருளில் எழுதலாம்? வேர்டா, லிப்ரெஆபீஸா, நோட்பேடா, விம்மா, ஈமாக்ஸா?' என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். பழைய ஆட்களும் அதற்கு மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். ஆனால் அது எஞ்சினைப் பற்றிய சண்டை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எழுதி முடித்ததை எந்த வடிவத்தில் கொடுப்பது? அடுத்தவர் அதைத் திறக்க முடியுமா, திருத்த முடியுமா, பத்து வருஷம் கழித்தும் படிக்க முடியுமா?

ஒரு உதாரணம் வைத்துக்கொள்ளலாம். பி.காம். படிக்கும் ஒரு மாணவி. நிரல் எழுதத் தெரியாது, ஆனால் கணக்குப் பதிவியல் தண்ணீர் பட்ட பாடு. க்னூகேஷ் என்ற கட்டற்ற கணக்கு மென்பொருளைப் பார்க்கிறாள். அதன் வழிகாட்டியில் இரட்டைப் பதிவு முறையை விளக்கும் பகுதியைத் தமிழில் எழுதினால், தமிழ் வழியில் பிளஸ் டூ படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும் என்று தோன்றுகிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து வேர்டில் நாற்பது பக்கம் எழுதுகிறாள். தலைப்புக்கு நீல நிறம், அட்டவணைக்குக் கட்டம், எல்லாம் அழகு. டாக்எக்ஸ் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்புகிறாள்.

அந்தப் பக்கம் என்ன நடக்கும்? க்னூகேஷின் வழிகாட்டி டாக்புக் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குள் ஒரு குறிச்சொல் இருக்கும். கோப்புகள் கிட் என்ற மாற்றப் பதிவு முறையில் காக்கப்படுகின்றன. டாக்எக்ஸ் கோப்போ உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சுருட்டி வைத்த ஒரு ஜிப் பொட்டலம். அதில் ஒரு வார்த்தை மாறினாலும் கிட்டுக்குத் தெரிவது 'கோப்பு மாறியிருக்கிறது' என்பது மட்டும்தான். என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் நாற்பது பக்கத்தையும் பிரித்து, நீல நிறத்தை உதறிவிட்டு, பத்தி பத்தியாகக் குறிச்சொல் போட வேண்டும். அந்த யாராவது ஒருவரும் சம்பளம் இல்லாமல் ராத்திரியில் வேலை பார்ப்பவர்தான். கோப்பு அவருடைய பெட்டியில் தூங்கும். மாணவி மூன்று மாதம் காத்திருந்து, 'இவங்களுக்கு நம்ம எழுத்து வேண்டாம் போல' என்று போய்விடுவாள். தப்பு இரண்டு பேர் மீதும் இல்லை. கேஜ் வேறு, அவ்வளவுதான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதை அவர்கள் பாஷையிலேயே சொல்லலாம். குறிப்பேடு இருக்கிறது, பேரேடு இருக்கிறது, கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு வருகிறது. வருஷக் கடைசியில் பங்குதாரர் கைக்குப் போவது இருப்புநிலைக் குறிப்புதான். ஆனால் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதை மட்டும் அடுத்த வருஷக் கணக்காளரிடம் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒரு எண் தப்பு என்று தெரிந்தாலும் எங்கே தப்பு என்று தேட வழியில்லை. பிடிஎஃப் அந்த இருப்புநிலைக் குறிப்பு மாதிரி. பார்க்க அழகு, அச்சுக்குப் போக ஏற்றது. ஆனால் அது முடிவு, மூலம் இல்லை. எளிய உரைக்கோப்பு என்பதுதான் குறிப்பேடு. அதிலிருந்து பிடிஎஃப் எடுக்கலாம், இணையப் பக்கம் எடுக்கலாம், மின்னூல் எடுக்கலாம். திருப்பி வருவதுதான் கஷ்டம்.

கிட் செய்வதும் கணக்கர் வேலையே. குறிப்பேட்டில் ஒரு பதிவு தப்பென்றால் அழித்து எழுதக்கூடாது. திருத்தப் பதிவு போட வேண்டும், கீழே ஏன் என்று ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்று கிட் வைத்திருப்பதும் அதேதான். வவுச்சருக்குக் கீழே ஒழுங்காக விளக்கம் எழுதிப் பழகிய பி.காம். மாணவர், 'சரி செய்தேன்' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் போகும் பல நிரலாளர்களைவிட இதை நன்றாகவே செய்வார் :)

சரி, இதெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் பொருந்தும். தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடம் இருக்கிறது. அதுவும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒரு தனி நாடு. பாமினி எழுத்துருவில் தட்டிய 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்புக்குள் இருந்தது தமிழே இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம். இதைச் சரிசெய்ய டிஸ்கி என்ற குறியேற்றம் வந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைக் கொண்டுவந்தது. நடுவில் யுனிகோட் 1991 முதலே இருந்தாலும், சாதாரணக் கணினிகளில் தமிழ் யுனிகோட் ஒழுங்காகத் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில்தான் தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது; கூடவே டேஸ்-16 என்பதையும் அறிவித்தது.

இந்தக் குழப்பத்திலும் பிழைத்த எழுத்து எது? மதுரைத் திட்டத்தைப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினார்கள். அப்போது அவர்கள் பயன்படுத்தியது டிஸ்கி. யுனிகோட் வந்ததும் என்ன ஆயிற்று? மாற்றி மூலம் யுனிகோடுக்குக் கொண்டுபோனார்கள். உரை உரையாகவே, எல்லாருக்கும் தெரிந்த ஒரு குறியேற்றத்தில் இருந்ததால் அது முடிந்தது. அதே காலத்தில் ஏதோ ஒரு அச்சகத்தில், பெயர் தெரியாத எழுத்துருவில், பேஜ்மேக்கர் கோப்பாக வடிவமைத்த புத்தகங்களை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அந்த எழுத்துருவும் மென்பொருளும் கைக்கு அகப்படாவிட்டால், காகிதத்தை வைத்து மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டியதுதான்.

'இப்போதுதான் எல்லாம் யுனிகோட் ஆகிவிட்டதே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். யுனிகோட் வந்தபிறகும் சில முட்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒன்று: 'ஸ்ரீரங்கம்'. இந்த 'ஸ்ரீ'யை ஸ், ரீ என்று இரண்டையும் சேர்த்தும் உண்டாக்கலாம். 2005-ல் யுனிகோடில் தமிழுக்கு ஶ சேர்ந்தபிறகு, அதோடு ரீ சேர்த்தும் உண்டாக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு சொல். ஒருவர் ஒரு விதமாகத் தட்டி, இன்னொருவர் இன்னொரு விதமாகத் தேடினால், ரங்கநாதர் அங்கேயே பள்ளிகொண்டிருந்தாலும் தேடல் பெட்டி 'இல்லை' என்றுதான் சொல்லும். 'கொ' என்ற எழுத்துக்கும் இரண்டு வழி உண்டு: கொம்பும் காலும் ஒரே குறியாகவோ, தனித்தனியாக இரண்டாகவோ. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தால், ஒருவர் ஒரு வரியையும் மாற்றாமல் கோப்பைச் சேமித்தாலும் கிட் ஐம்பது வரி மாறியதாகக் காட்டக்கூடும். ஆகவே ஒரு கையேட்டைப் பலர் சேர்ந்து எழுதும்போது, எந்த முறையில் சேமிப்பது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொள்வது நல்லது.

பிடிஎஃப்பிலும் தமிழுக்கென்று ஒரு வலி உண்டு. பல தமிழ் பிடிஎஃப்களிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறி விழும். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் யுனிகோட் வைத்திருக்கும் வரிசையும் வேறு என்பதுதான் காரணம். அந்தக் கோப்பை மூலமாக நம்பிக் கொடுத்தால், வாங்குபவர் பாடு திண்டாட்டம்.

நோட்பேடும் ஒரு காலத்தில் காலை வாரியது. பழைய விண்டோஸில் அது தானாகவே 'ஆன்சி' என்ற குறியேற்றத்தில் சேமிக்கப் பார்க்கும். ஒரு எச்சரிக்கை காட்டும். அவசரத்தில் ஓகே அழுத்தினால், மறுநாள் திறக்கும்போது எழுதியது முழுக்கக் கேள்விக்குறிகளாக நிற்கும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது யூடிஎஃப்-8-ஐயே இயல்பாக வைத்துக்கொண்டது. ஆனாலும் எந்தக் கருவியாக இருந்தாலும் சேமிக்கும் முன் குறியேற்றம் யூடிஎஃப்-8 தானா என்று ஒருமுறை பார்க்கும் பழக்கம் வீண்போகாது.

அப்படியானால் எந்த வடிவம்? முதல் விதி, அந்தத் திட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அது. புது மருமகள் வந்த அன்றே அடுப்பை இடம் மாற்றக்கூடாது. பைதான் மொழியின் ஆவணங்கள் ஆரம்பத்தில் லேடெக்கில் இருந்தன. 2008-ல் 2.6 பதிப்போடு ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற எளிய உரை வடிவத்துக்கு மாறின. அதற்காக கியோர்க் பிராண்டல் எழுதிய ஸ்ஃபிங்க்ஸ் கருவியை இன்று பல திட்டங்கள் பயன்படுத்துகின்றன. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களும் 2016-ல் டாக்புக்கை விட்டு அதே பக்கம் நகரத் தொடங்கின. ஆனால் அவை உள்ளே இருந்து, பலநாள் பேசி எடுத்த முடிவுகள். வெளியிலிருந்து வந்தவர் முதல் நாளே கேட்டு நடந்தவை அல்ல.

இரண்டாவது, புதிதாகத் தொடங்கும் தமிழ்க் கையேடு என்றால் மார்க்டவுன் போதும். 2004-ல் ஜான் குரூபர் வெளியிட்டது. தலைப்புக்கு ஒரு ஹேஷ் குறி, பட்டியலுக்கு ஒரு நட்சத்திரம், பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி. பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். தமிழில் தட்டுபவர்களுக்கு இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. டாக்புக்கில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றித் திரும்ப வேண்டும். மூடும் குறிக்கு வேண்டிய சாய்கோடு இருக்கும் இடத்தில் தமிழ்99-ல் 'ழ' உட்கார்ந்திருக்கிறது. ஹேஷும் நட்சத்திரமும் எண் விசைகளோடு இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. சுட்டி கொடுக்கச் சதுர அடைப்புக்குறி வேண்டும். அந்த விசைகளில் 'ச'வும் 'ஞ'வும் இருப்பதால் அப்போது மட்டும் மாற்ற வேண்டும். நாற்பது பக்கம் எழுதும்போது இந்தச் சின்ன விஷயம் விரல்வலியில் தெரியும்.

மார்க்டவுன் சர்வரோக நிவாரணி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆளுக்கொரு கிளைமொழி உண்டாகிவிட்டது. 2014-ல் காமன்மார்க் என்று ஒரு பொது இலக்கணம் எழுத வேண்டி வந்ததே அதனால்தான். சொல்லடைவு, அத்தியாயங்களுக்கு இடையே குறிப்புகள், எண்ணிட்ட அட்டவணைகள் எல்லாம் வேண்டிய பெரிய புத்தகத்துக்கு ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட், ஆஸ்கிடாக், டாக்புக் ஆகியவை தேவைப்படலாம். ஆனால் மார்க்டவுனிலிருந்து அவற்றுக்குப் போகப் பாண்டாக் மாதிரிக் கருவிகள் இருக்கின்றன. உரை வடிவத்திலிருந்து உரை வடிவத்துக்குப் போவது ஒரே கேஜில் வண்டி மாறுவது மாதிரி. மூட்டை பெரிதாகச் சிந்தாது.

கருவி? அதுதான் தலைப்பிலேயே இருக்கிறதே, அவரவர் இஷ்டம். வேர்டில்தான் கை ஓடுகிறது என்றால் வேர்டிலேயே எழுதலாம். ஆனால் அலங்காரத்தில் நேரம் செலவழிக்காமல், கடைசியில் யூடிஎஃப்-8 எளிய உரையாகச் சேமித்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: வேர்டு நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும், இரட்டைக் கோட்டை நீட்டிவிடும். கட்டளைகளை அப்படி எழுதி, படிப்பவர் அதை நகலெடுத்து ஓட்டினால் பிழைதான் வரும். அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுவது உத்தமம். வரிக்கு ஒரு வாக்கியம் என்று எழுதுவதும் நல்ல பழக்கம். ஒரு சொல்லைத் திருத்தினால் அந்த ஒரு வரி மட்டும் மாறியதாகத் தெரியும். சரிபார்ப்பவர் மனதார வாழ்த்துவார்.

இதுவரை சொன்னது எல்லாம் எழுதுபவர் கடமை. மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 'கிட் தெரியாதா? அப்போ கத்துக்கிட்டு வாங்க' என்று வாசலிலேயே நிறுத்துவது சில திட்டங்களின் வழக்கமாக இருக்கிறது. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவரிடம் நான்கு கட்டளைகளையும் இரண்டு கணக்குகளையும் கேட்டால் அவர் பிழையோடேயே வாழக் கற்றுக்கொள்வார். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதன் நடையும் எளிய உரைதான். அதிலும் குறிகள் உண்டு. ஆனால் பக்கத்தின் மேலேயே 'தொகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆசிரியரும், ஓய்வுபெற்றவரும், பள்ளி மாணவரும் உள்ளே வந்தது அந்தப் பொத்தான் வழியாகத்தான். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. அங்கே வந்த கட்டுரைகள் மைஎஸ்கியூஎல் போன்ற பாடங்களுக்கு 'எளிய தமிழில்' மின்னூல்களாகவும் ஆகியிருக்கின்றன. நிரலாளர்களை மட்டும் நம்பி இது நடக்காது. எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

ஆகவே திட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுபவர் குறிகளே இல்லாத வெறும் உரையாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். குறி போடுவது ஒரு மணி நேர வேலை. இரட்டைப் பதிவைத் தமிழில் புரியும்படி விளக்குவது எல்லாராலும் ஆகாத வேலை. எது அரிதோ அதற்குத்தான் மரியாதை தர வேண்டும்.

திருச்சியைச் சுற்றி எத்தனை கலைக் கல்லூரிகள், எத்தனை பி.காம். வகுப்புகள்! பற்று, வரவு, இருப்பாய்வு என்று தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை, கணினி முன்னால் உட்கார்ந்ததும் ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து மிரண்டு, 'இது நமக்கு வராது' என்று முடிவுகட்டுகிறது. கணக்கு தெரியாததால் அல்ல, கையேடு இல்லாததால். அந்தக் கையேட்டை எழுதக்கூடியவரும் அதே வகுப்பில் அடுத்த பெஞ்சில்தான் இருக்கிறார். அவர் எழுதிய நாற்பது பக்கம் யாருடைய பெட்டியிலோ தூங்கிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமும்.

தொடங்குவதற்கு நாற்பது பக்கம் வேண்டாம். ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ்ப் பக்கத்தில் ஒரு பிழையைத் திருத்தினால் போதும். கோப்பை யூடிஎஃப்-8-ல் சேமித்து, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்து அனுப்பினால், அது அன்றைய குறிப்பேட்டின் முதல் பதிவு.